இடக்கைக் காப்பு

காலை ஐந்தே காலுக்கு உதயகலா இடது கையைத் தூக்கிக் காதோடு வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

மற்றக் காதில் வைத்துப் பார்த்தாள். வெளியே மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்தாள். தலையணையால் தலையை மூடிக்கொண்டு திரும்பவும் கேட்டாள். தன் மூச்சுத்தான் கேட்டது.

வலது கை விரல்களை இடது மணிக்கட்டுக்கு மேலே வைத்து அமத்தினாள். அந்த இடத்தில் தோலுக்குக் கீழே எப்போதும் ஓர் இரைச்சல் இருக்கும். விரலுக்கும் தெரியும், காதுக்கும் கேட்கும். இப்போது அது வெறும் தடித்த நாளமாகக் கிடந்தது. அமத்தினால் அமரவில்லை. கயிறுபோல இருந்தது.

ஐந்து வருடத்துக்கு முன்னர் அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாயின. கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் இரத்தம் கழுவ வேண்டும். அதற்காகக் கையில் ஒரு நாடியையும் ஒரு நாளத்தையும் வெட்டி ஒன்றாகத் தைத்துவிடுவார்கள். இரத்தம் அந்த வழியே பாயும். நாளம் விரல் மொத்தத்துக்கு எழும்பும். அதில் இரண்டு ஊசி குத்தி, இரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவித் திரும்ப உள்ளே விடுவார்கள்.

அவள் இடக்கைக்காரி. ஆகவே முதலில் வலது கையில் செய்தார்கள். அடைத்தது. அதே கையில் முழங்கைக்குக் கிட்டச் செய்தார்கள். அதுவும் அடைத்தது. கழுத்தில் குழாய் போட்டார்கள். இரண்டு பக்கமும் கிருமி பிடித்து, இரண்டு பக்கமும் உள்ளே நாளங்கள் மூடிக்கொண்டன. கடைசியில் இடது கைக்கு வந்தார்கள்.

"இதைக் கண்ணைப்போலப் பாருங்கோ அக்கா," என்று ஆண் தாதி எமில்ராஜ் சொல்லியிருந்தான். "வளையல் போடாதேங்கோ, மணிக்கூடு கட்டாதேங்கோ, பிறெசர் பாக்க விடாதேங்கோ. இதுக்குப் பிறகு எங்களிட்டை இடமில்லை."

பிரகலாதன் தன் தேத்தண்ணிக் கோப்பையைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு அறைக்குள் எட்டிப் பார்த்தான். அவள் கணவன். தோட்டக்காரன். இந்தக் கையைத் தொட்டுப் பார்த்த முதல் நாளே, மெஷினால் தண்ணீர் இறைக்கும்போது குழாயில் கை வைத்த மாதிரி இருக்கிறது என்று சொன்னவன். அன்றிலிருந்து காலையில் அவன் கேட்பது இது ஒன்றுதான்.

"மெஷின் ஓடுதே?"

"ஓம்."

"வெள்ளம் வெட்டிவிடப் போறன். கோவாப் பாத்தியெல்லாம் மிதக்கும்."

மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மழைக்குள் இறங்கினான். அவன் படலையைச் சாத்தும் சத்தம் கேட்கும்வரை அவள் அசையவில்லை. பிறகு விளக்கைப் போட்டாள்.

மணிக்கட்டில் கௌரிக் காப்பு இருந்தது. மஞ்சள் நூல். தோலுக்குள் புதைந்து, இரண்டு பக்கமும் சதை வீங்கி எழுந்திருந்தது.

குசினிக்குள் தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. பிரகலாதனின் அக்கா நாகேஸ்வரி பாறணைக்குச் சமைக்க வெள்ளனவே வந்துவிட்டாள்.

*

கேதார கௌரி விரதம் இருபத்தொரு நாள். கலியாணம் செய்த பெண்கள் புருசனுக்காகப் பிடிப்பது. ஒரு நேரச் சாப்பாடு. கடைசி நாள் அதுவுமில்லை, தண்ணீரும் இல்லை. அன்று பின்னேரம் கோயிலில் காப்பு வாங்கிக் கட்டி, மறுநாள் காலையில் சாப்பிட்டு விரதம் முடிப்பது பாறணை. உதயகலாவும் முன்னர் பிடித்தவள்தான். வருத்தம் வந்தபிறகு டொக்டர்மார் விடவில்லை.

இந்த வருடம் அவளுக்காக நாகேஸ்வரி பிடித்தாள். அடுத்த வளவுதான் அவள் வீடு. விரதம் தொடங்கிய அன்று வேலிக்கு மேலால் நின்று சொன்னாள்:

"எங்கடை மனிசனுக்கு நான் இருவது வருசம் பிடிச்சது காணும். அவர் கல்லுமாதிரி இருக்கிறார். இந்த முறை உனக்கு."

நேற்றுப் பின்னேரம் கோயிலால் நேரே இங்கேதான் வந்தாள். சேலை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. உதடு வெடித்திருந்தது. காப்பு வைத்த தட்டைக் கட்டிலில் வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தாள்.

"விடியத் துவக்கம் பச்சைத்தண்ணி பல்லிலை படேல்லை, பிள்ளை," என்றாள். "பின்னேரம் மண்டபத்திலை இருக்கேக்கை நாக்கு அண்ணத்தோடை ஒட்டிப்போச்சு. ஐயர் கதை படிக்கிறார், எனக்கு ஒண்டும் கேக்கேல்லை. கோயில் கிணத்திலை ஆரோ தண்ணி அள்ளினவை. அந்தச் சத்தம்தான் கேட்டுது. வாளி போய் விழுறது, மேலை வாறது. அப்பத்தான் உன்னை நினைச்சன். உவளுக்கு உது ஒவ்வொரு நாளுமெல்லோ எண்டு."

உதயகலா அவளுடைய வாயையே பார்த்தாள்.

சிறுநீர் போகாத உடம்பில் குடிக்கிற தண்ணீர் எங்கேயும் போகாது. காலில் நிற்கும், பிறகு வயிற்றில், பிறகு நெஞ்சில். ஆகவே காலையில் ஒரு சின்னப் போத்தலில் தண்ணீர் நிரப்பி வைப்பாள். நாள் முழுவதற்கும் அவ்வளவுதான். குளிசையும் அதில்தான் விழுங்க வேண்டும். மத்தியானத்துக்குள் அது முடிந்துவிடும். தேசிக்காய்த் தோலைக் கடித்துக்கொண்டு இருப்பாள். தோட்டத்தில் மெஷின் ஓடும் நாட்களில் கதவைச் சாத்திக்கொள்வாள். கண்ணயர்ந்தால் கீரிமலைக் கேணிதான் வரும். வாயைத் திறந்துகொண்டு அதற்குள் இறங்குவாள். உள்ளே போனதும் கேணி வற்றிக் கிடக்கும்.

இதை யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. ஆளைப் பார்த்தால் ஒரு வருத்தமும் தெரியவில்லையே என்பார்கள் வருகிறவர்கள். கனடாவிலிருந்து கொழுந்தன் போன் எடுத்து, அங்கே எல்லோரும் இரத்தம் கழுவிக்கொண்டே வேலைக்குப் போகிறார்கள் என்று தைரியம் சொன்னான். பிரகலாதன் அவள் முன்னால் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தான். கிணற்றடிக்குப் போய்க் குடிப்பான். வாளியின் சத்தம் அவளுக்கு அறைக்குள் கேட்கும்.

நாகேஸ்வரி காப்பை எடுத்து விரித்தாள்.

"பொம்பிளையளுக்கு இடக்கை. உந்தக் கையிலை கட்டலாமோ பிள்ளை? ஊசி குத்திற கையெல்லோ."

கூடாது என்று உதயகலாவுக்குத் தெரியும். வலது கையில் கட்டுங்கோ என்றால் போதும். மச்சாள் ஒரு வார்த்தை கேட்காமல் கட்டியிருப்பாள்.

அந்தக் கையை இவ்வளவு காலமும் ஆஸ்பத்திரிக்குத்தான் நீட்டியிருந்தாள்.

"ஓம். கட்டுங்கோ மச்சாள்."

நாகேஸ்வரி இறுக்கிக் கட்டினாள். முடிச்சுக்கு மேல் முடிச்சுப் போட்டாள். வருசம் முழுக்க நிற்க வேண்டும் என்றாள்.

இருட்டுப்பட்டபின் கை கடுத்தது. காப்புக்குக் கீழே விரலை விட்டுப் பார்த்தாள். போகவில்லை. கத்தரிக்கோல் மேசையில்தான் கிடந்தது. பக்கத்தில் பிரகலாதன் களைத்துப்போய்ப் படுத்திருந்தான். விரதம் யாருக்காக என்றாலும், மனைவியின் கையில் இருப்பது புருசனுடைய ஆயுளுக்கான நூல்; வெட்டினால் அவனுக்கு ஆகாது என்பார்கள். காலையில் மச்சாளிடம் சொல்லித் தளர்த்திக் கட்டலாம் என்று எண்ணிக்கொண்டு படுத்தாள்.

*

துணியை வெந்நீரில் நனைத்துக் கையில் சுற்றினாள். ஆஸ்பத்திரியில் தந்த றப்பர்ப் பந்தை அமத்தி அமத்தி விட்டாள். கையைத் தொங்கவிட்டு ஆட்டினாள். காதில் வைத்தாள்.

நின்றுவிட்டால் உடனே வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கெதியாக வந்தால் இரத்தக் கட்டியை எடுத்துப் பார்க்கலாம். நேரம் போனால் இறுகிவிடும். எல்லாம் தெரிந்துகொண்டுதான் கட்டில் விளிம்பில் இருந்தாள். எழும்பினால் அது உண்மையாகிவிடும்.

கழுத்தில் இடமில்லை. இனித் தொடையில்.

முந்தி ஆஸ்பத்திரியில் அவளுடைய கதிரைக்கு அடுத்த கதிரையில் தியாகலிங்கம் இருப்பார். மயிலிட்டிப் பக்கத்தில் வள்ளம் வைத்திருந்தவர். இரத்தம் கழுவி முடியும்வரை சிரிக்கவைத்துக்கொண்டே இருப்பார்.

"என்ரை பேரன்ரை பிறந்தநாள், பிள்ளை. எல்லாரும் சோடா குடிக்கினம். எனக்கு மூடியைத் தந்தாங்கள், நக்கச் சொல்லி. நக்கினன். இன்னொரு மூடி கேட்டன். தரமாட்டாங்களாம். டொக்டர் ஏசுவாராம்."

அவருக்கும் கை இரண்டும் முடிந்து தொடையில் குழாய் போட்டார்கள். முதலாவது குழாயோடு குளிர்காய்ச்சல் வந்து கட்டில் ஆடும்படி நடுங்கியதை அவள் பார்த்தாள். இரண்டாவது குழாய்க்குக் கூப்பிட்டபோது, காணும் தம்பி, இனி வேண்டாம் என்று எமில்ராஜின் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அடுத்த கிழமை எமில்ராஜ் அந்தக் கதிரைக்குப் புது விரிப்புப் போட்டான்.

"பிள்ளை, வா," என்று குசினிக்குள்ளிருந்து நாகேஸ்வரி கூப்பிட்டாள். "நீ ஒரு வாய் வைச்சாத்தான் நான் விரதம் முடிக்கலாம்."

வாழையிலையில் சோறு போட்டிருந்தது. கறிகளைத் தனித்தனியாகத் தண்ணீரில் அவித்து வடித்து, பிறகு சமைத்திருந்தாள். உதயகலாவுக்கு அப்படித்தான் சமைக்க வேண்டும். அதை நாகேஸ்வரி மறக்கவில்லை.

"எங்கடை மனிசன் வீட்டிலை பாணைத் திண்டுகொண்டு இருக்கிறார்," என்றாள். "பாறணை உனக்கு, பாண் எனக்கோ எண்டு கேக்கிறார். இருக்கட்டும். நீ சாப்பிடு."

உதயகலா இடது கையை இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மச்சாள், கை நிண்டுபோச்சு."

"என்ன நிண்டது?"

"இரைச்சல். ஓடேல்லை."

நாகேஸ்வரி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து தொட்டாள். எங்கே தொடுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. நூலைப் பார்த்தாள். வீக்கத்தைப் பார்த்தாள்.

"எப்ப?"

"விடியப் பாத்தன். இல்லை."

"நான் கேட்டனானெல்லோ. கட்டலாமோ எண்டு கேட்டனானெல்லோ."

"ஓம் மச்சாள்."

"நீதானே ஓம் எண்டனீ."

"ஓம்."

"கட்டக்கூடாதெண்டு தெரியுமோ உனக்கு?"

"தெரியும்."

"அப்ப ஏன் ஓம் எண்டனீ?"

உதயகலா இலையைப் பார்த்தாள். சொல்லப் பார்த்தால் அது சின்ன விஷயமாக இருந்தது.

"நீங்கள் தாகம் விளங்குது எண்டு சொன்னியள்."

"சொன்னன். அதுக்கு?"

"ஒருத்தரும் அப்பிடிச் சொல்லேல்லை."

நாகேஸ்வரி அவளை வெறித்துப் பார்த்தாள்.

"விசரே உனக்கு? அதுக்குக் கையைக் குடுக்கிறதோ? நான் இருவத்தொரு நாள் கிடந்தது இதுக்கோ?"

அவள் கோபப்படவில்லை. பயந்துபோயிருந்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். இனி இவள் ஒருநாளும் அப்படி வந்து பக்கத்தில் இருக்கமாட்டாள் என்று உதயகலாவுக்குத் தெரிந்தது.

"கத்தியை எடுங்கோ மச்சாள். வெட்டுவம்."

"வெட்டாதை." நாகேஸ்வரி சட்டென்று அவளுடைய கையைப் பிடித்தாள். "வெட்டக்கூடாது. அவிழ்க்கிறன். கொஞ்சம் பொறு."

"நேரம் போகுது."

"தம்பி மழைக்குள்ளை நிக்கிறான். பாம்பு பூச்சி திரியிற நேரம். வெட்டக்கூடாது பிள்ளை. அவிழ்க்கிறன்."

முடிச்சை நகத்தால் நெம்பினாள். மழையில் நனைந்து, பிறகு காய்ந்து, நூல் மரத்துப்போயிருந்தது. நகம் வழுக்கியது. கொண்டை ஊசியைக் கழற்றிக் குத்தினாள். ஊசி தோலில் பட்டு ஒரு துளி இரத்தம் வந்தது. குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள். ஒரு முடிச்சு அவிழ்ந்தது. கீழே இன்னொன்று இருந்தது. அதைப் போட்டவளும் அவள்தான். மெல்ல ஏதோ தேவாரம் முணுமுணுத்தாள். சோறு ஆறியது. சுவர் மணிக்கூட்டைப் பார்க்கக்கூடாது என்று உதயகலா கண்ணை மூடிக்கொண்டாள். மச்சாளின் மூச்சு மணிக்கட்டில் சுட்டது. வெறும் வயிற்று மூச்சு.

மூன்றாவது முடிச்சு அசையவில்லை.

உதயகலா வலது கையை நீட்டி மரக்கறி வெட்டும் கத்தியை எடுத்தாள். அந்தக் கை அவளுக்கு வராத கை. நூலுக்குக் கீழே நுனியை விடும்போது தோலும் வெட்டுப்பட்டது. நாகேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நூல் அறுந்தது. அது இருந்த இடம் பள்ளமாக, வெள்ளையாகக் கிடந்தது.

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். உதயகலா கையைத் தூக்கிக் காதில் வைத்தாள். பிறகு கீழே இறக்கினாள்.

நாகேஸ்வரி அறுந்த நூலைப் பொறுக்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, தம்பியைக் கூப்பிட மழைக்குள் ஓடினாள்.

*

ஓட்டோவில் பண்டத்தரிப்பிலிருந்து யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பிரகலாதனின் காலில் சேறு காய்ந்து வெடித்தது. நாகேஸ்வரியும் ஏறிக்கொண்டாள். அவள் இன்னும் விரதம் முடிக்கவில்லை.

எமில்ராஜ் கையைத் தொட்டான். ஸ்டெதஸ்கோப்பை வைத்தான். சற்று மேலே வைத்தான். இன்னும் மேலே. பிறகு அதைக் கழற்றி, துடைக்கத் தேவையில்லாத இடத்தைப் பஞ்சால் துடைத்தான்.

"எத்தினை மணிக்கு நிண்டது அக்கா?"

"விடிய."

"விடிய எண்டா?"

"அஞ்சேகாலுக்குப் பாத்தன்."

பிரகலாதன் திரும்பினான்.

"அஞ்சேகாலோ? நான் கேக்கேக்கை ஓம் எண்டனீர்."

எமில்ராஜ் மணிக்கட்டில் இருந்த தடத்தைப் பார்த்தான். நாகேஸ்வரியின் நெற்றித் திருநீற்றையும் அவளுடைய கையில் கட்டியிருந்த அதே மஞ்சள் நூலையும் பார்த்தான். அவன் சிலுவை போட்டிருந்தான். ஆனாலும் இந்த மாதத்தில் இந்த நூலைத் தெரியாத ஆள் யாழ்ப்பாணத்தில் இல்லை. அவன் ஏசவில்லை. ஏசியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

சத்திரசிகிச்சை டொக்டர் வந்து பார்த்தார். நாளத்தை மேல்நோக்கி விரலால் உருட்டிக்கொண்டே போனார். கட்டி முழங்கைக்குக் கிட்ட வரை ஏறி இறுகியிருந்தது. இதில் இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார். மேல்கையில் புதிதாக ஒன்று முயலலாம். நாளம் மெல்லியது. பிடிக்குமோ தெரியாது. பிடித்தாலும் ஊசி குத்த இரண்டு மாதம் செல்லும். அதுவரைக்கும் தொடையில் குழாய். இன்றைக்கே போட்டால் நாளைக்கு இரத்தம் கழுவலாம். சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

உதயகலாவைப் படுக்க வைத்தார்கள். கதவுக்கு வெளியே இருந்த வாங்கில் நாகேஸ்வரி சரிந்து இருந்தாள். பிரகலாதன் கடையில் தண்ணீர்ப் போத்தல் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தான்.

"குடி அக்கா. மயங்கி விழப்போறாய்."

நாகேஸ்வரி மறுத்தாள். அவன் மூடியைத் திருகித் திறந்து கையில் வைத்தான். அவள் ஒரு மிடறு குடித்தாள். பிறகு நிறுத்த முடியவில்லை. தலையை அண்ணாந்து குடித்தாள். தொண்டை ஏறி இறங்கியது. தாடையால் வழிந்து சட்டைக்குள் போனது. போத்தல் நெளிந்து சத்தம் போட்டது. குடித்து முடித்துப் பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். அவளுடைய முகம் மாறியது. நேற்றிலிருந்து அதில் இருந்த ஏதோ ஒன்று போய்விட்டது.

கட்டிலில் கிடந்தபடி உதயகலா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நாகேஸ்வரி அவளைக் கண்டாள். வெற்றுப் போத்தலை வாங்குக்குக் கீழே தள்ளிவிட்டாள்.

டொக்டர் தனுசியா உள்ளே வந்தாள். சின்னப் பெண். வாட்டுக்கு வந்து சில மாதம்தான். கதிரையை இழுத்துக் கட்டிலுக்குக் கிட்டப் போட்டு இருந்தாள். அவள் சொல்லவேண்டியவற்றைச் சொன்னாள். தொடையில் குழாய் போடும் இடம் விறைக்க ஊசி போடுவோம். குழாய் தையல் போட்டு நிற்கும். காலை மடக்கி இருக்கக்கூடாது. குளிக்கும்போது நனையக்கூடாது. கிருமி பிடிக்கச் சாத்தியம் கூட. பிடித்தால் மற்றத் தொடைக்கு மாற்றுவோம்.

"அதுக்குப் பிறகு?" என்று உதயகலா கேட்டாள்.

"மேல்கை பிடிச்சிடும் எண்டு நம்புவம் அக்கா."

"பிடிக்காட்டி?"

தனுசியா பதில் சொல்லும் முன்னர் பிரகலாதன் உள்ளே வந்துவிட்டான்.

"போடுங்கோ டொக்டர். எங்கை கையெழுத்து வைக்கவேணும்?"

"ஓமெண்டு சொல்லு பிள்ளை," என்றாள் நாகேஸ்வரி கதவில் நின்று. அவளுடைய குரல் தெளிந்திருந்தது. "நான் கீரிமலைக்குப் போய் நேத்தி வைக்கிறன். கந்தசட்டியும் உனக்காகத்தான் பிடிக்கப்போறன். ஆறு நாளும் இளநீர்கூட இல்லாமல் கிடக்கிறன். ஓமெண்டு சொல்லு."

"அவ ஓமெண்டுதான் சொல்லுவா," என்றான் பிரகலாதன். "வேறை என்ன செய்யிறது. நீங்கள் ஆயத்தப்படுத்துங்கோ."

எமில்ராஜ் தட்டில் ஊசிகளை அடுக்கிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். உதயகலா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மின்விசிறி சுற்றியது. வெளியே மழை விட்டுவிட்டுப் பெய்தது. வாய் உலர்ந்து உதடு பல்லோடு ஒட்டியிருந்தது.

தனுசியா கையை உயர்த்தி மற்ற இருவரையும் மறித்தாள்.

"அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ. நான் அக்காவைத்தான் கேக்கிறன்." குனிந்து உதயகலாவின் முகத்துக்குக் கிட்ட வந்தாள். "அக்கா, நீங்கள் சொல்லுங்கோ. போடட்டோ?"